தலைக்கு எத்தனை கரண்டி

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. பிறந்தது என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. உண்மையில் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது, நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடைவாய்ப் பல்லைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் ஒரு பெண். கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது, கழற்ற மறந்துவிட்டார் போலிருக்கிறது. போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்கா. செத்தவங்களைக் கழிச்சியா இல்லையா?"

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு நிமிஷம் பல்வலி நின்றது.

"கழிக்காம சோத்துக்கு எப்படிக்கா கணக்குப் போடறது? அவங்க எழுந்து வந்தா சாப்பிடப் போறாங்க?"

அதற்குள் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. என்ன கேட்டாலும் "ம்" தான் வரும். ஆகவே மீதியை நானே எழுதவேண்டியதாகிவிட்டது.

எழுதிப் பார்த்த தொடக்கங்களை அழிக்காமல் வைக்கிறேன்:

அன்று காலை வானம் மேகமூட்டத்துடன்

(விருந்துக் கதையில் வானத்துக்கு என்ன வேலை? உள்ளே விட்டால் அதற்கும் ஒரு தட்டு வைக்கவேண்டும்.)

பசி என்பது மனித குலத்தின் ஆதி

(இந்த வாக்கியம் முடிவதற்குள் எனக்கே பசித்துவிட்டது. எழுந்து போய்விட்டேன்.)

"உன் மாமாவுக்குப் பைத்தியம் முத்திடுச்சுடி. ஊரையே சாப்பிடக் கூப்பிட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்காரு."

இது தேறும். இதைச் சொன்னது அக்கா. கேட்டுக்கொண்டிருந்தது, தங்கையான தையல்காரி.

2

தையல்காரி ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உங்களுக்கு ரெண்டரை மீட்டர் போதாதுங்க" என்பாள். நாடாவை எடுப்பது வந்தவர் மனசு நோகாமல் இருப்பதற்காகத்தான்.

அவளுடைய அக்கா புருஷன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். முப்பது வருஷமாக ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தியே அவர் பெயர் பிரேக் வாத்தியார் ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மனுஷர் திட்டாத ஆள் கிடையாது. "எருமைகூட நின்னு பார்த்துட்டுத்தான் ரோட்டைக் கடக்கும்" என்பது அவர் வாயிலிருந்து வரும் திட்டுகளில் கொஞ்சம் மரியாதையானது.

அந்த வருஷம் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிப்போனது. இனிமேல் கற்றுக்கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியை மூடுவதற்கு முன்னால், தன்னிடம் படித்த எல்லோருக்கும் ஒரு வேளைச் சோறு போடவேண்டும் என்று வாத்தியார் முடிவு செய்தார். போனில் சொன்னார், ஆள் விட்டுச் சொன்னார், சிக்னலில் நின்ற கார்களின் கண்ணாடியைத் தட்டிச் சொன்னார்.

"நானூறு பேர் வருவாங்க. குறையாது" என்றார் வாத்தியார்.

"இருபது பேர் வந்தா அதிகம்" என்றாள் அக்கா. "நீங்க பேசின பேச்சுக்கு, சோறு போடறேன்னு சொன்னா, உள்ள எதைக் கலந்திருப்பாரோன்னு பயப்படுவாங்க."

நானூறுக்கும் இருபதுக்கும் நடுவே சமையல்காரரிடம் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியாகவேண்டும். அக்கா தங்கையின் கடைக்கு வந்து, தைக்கப்போட்டிருந்த துணிக்குவியலின் மேலேயே உட்கார்ந்தாள்.

"நீதான் ஆளைப் பார்த்தே துணி இவ்வளவுன்னு சொல்றியே. சோறு இவ்வளவுன்னு சொல்லமாட்டியா?"

"துணி உடம்புக்கு வெளியேக்கா. சோறு உள்ள போறது."

"ரெண்டும் அதே உடம்புதானே?"

இப்படித்தான் அந்தப் பாரம் அவள் தலையில் விழுந்தது.

3

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். அவசரக்காரர்கள் நாலாவதற்குப் போகலாம். ஆனால் பசியோடு போவீர்கள்.)

ஒரு ஆள் எவ்வளவு சாப்பிடுவான் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. சமையல்காரர் அதை விரல்நுனியில் வைத்திருந்தார். குழந்தைக்கு அரைப் பங்கு. மீசை முளைக்கிற வயசுப் பையனுக்கு இரண்டு பங்கு. "எனக்கு ஒண்ணும் வேண்டாம், சும்மா பார்க்க வந்தேன்" என்று சொல்கிறவருக்கு ஒன்றரை. உடம்பைக் குறைக்கிறேன் என்று சோற்றைத் தொடாதவர் ஐஸ்க்ரீமில் அதை ஈடுகட்டிவிடுவார். ஜூஸ் கணக்குதான் கொஞ்சம் கஷ்டம். குடிப்பதைவிட, பாதி குடித்துவிட்டு எங்கே வைத்தோம் என்று மறந்து புதுசு எடுப்பதுதான் அதிகம்.*

"ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்மா. எத்தனை ஆளுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் சமையல்காரர். "நான் ஜோசியம் பார்க்கறதில்ல."

தையல்காரி வாத்தியாரின் பழைய பெயர்ப் பதிவு நோட்டை வாங்கி, முதலில் செத்தவர்களைக் கழித்தாள். பிறகு ஊரைவிட்டுப் போனவர்களை. பிறகு, கடைக்கு வருகிறவர்களிடம் குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்: "வாத்தியார் விருந்துக்குப் போறீங்களா?"

அங்கேதான் அவளுக்கு இந்த மொழியின் மேலேயே சந்தேகம் வந்தது. "கண்டிப்பா வருவேன்" என்றவர்கள் யாரும் வருவதாகத் தெரியவில்லை. அதைச் சொல்லும்போதே கண்ணாடியில் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பார்க்கறேன்" என்றவர்கள் வரலாம். "எங்கங்க, நேரமே இல்ல" என்று அலுத்துக்கொண்டவர்கள்தான் என்றைக்கு, எத்தனை மணிக்கு, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, குழந்தைகளைக் கூட்டிவரலாமா என்று எல்லாவற்றையும் விசாரித்தார்கள்.

வங்கி மேனேஜர் ஒருத்தி ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். கையைத் தூக்கி நின்றபடியே பொரிந்தாள்.

"நடு ரோட்டில இறக்கிவிட்டாருங்க என்னை! 'உனக்கு வண்டி வேண்டாம், ஒரு கயித்தைக் கட்டிக்கிட்டு யாராவது இழுத்துட்டுப் போகட்டும்'னாரு. அன்னிக்கு நான் அழுத அழுகை! இன்னிக்கும் கியர் மாத்தும்போது அந்தக் குரல் காதுல கேக்குது."

"அப்ப விருந்துக்கு வரமாட்டீங்க."

"யார் சொன்னது?" என்று கையைக் கீழே போட்டாள் மேனேஜர். அளவு தப்பியது.

யோசித்து யோசித்து, கடைசியில் நூற்றெண்பது என்று தையல்காரி சமையல்காரருக்குச் சொன்னாள். சோறு, கோழி, உருளைக்கிழங்கு, ரொட்டி, எலுமிச்சை ஜூஸ், ஐஸ்க்ரீம். எல்லாம் நூற்றெண்பது பேருக்கு. சொல்லிவிட்டு அன்று ஒரு சட்டைக்கு இரண்டு வலது கை வைத்துத் தைத்தாள்.

* என் வீட்டில் நான் ஒருவன்தான். ஆனாலும் காலையில் எப்போதும் மூன்று டம்ளர் கழுவக் கிடக்கிறது. இதற்கு விளக்கம் இல்லை.

4

ஒரு நிமிஷம். அக்காவின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முதல் பிரதியில் அவளைப் புலம்புகிற மனைவியாக எழுதியிருந்தேன். "இருபது பேர் வந்தா அதிகம்" என்று சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால்

(இந்த முந்தானை எனக்கு எழுதத் தெரியாதபோதெல்லாம் வரும். வெட்டிவிட்டேன்.)

இருபது பேர்தான் வருவார்கள் என்று நம்புகிறவள் நிம்மதியாக அல்லவா இருக்கவேண்டும்? ஏன் தூக்கம் கெட்டு அலைகிறாள்? யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் வாய் ஒன்று சொல்கிறது, வயிறு வேறொன்று சொல்கிறது. புருஷனிடம் இருபது என்பாள். ஆனால் யாராவது ஒருவர் காலித் தட்டோடு நின்று, "தீர்ந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டால்? வராதவன் யாரும் வாயைத் திறக்கப்போவதில்லை. வந்து பசியோடு திரும்பியவன் பத்து வருஷம் பேசுவான்.

ஆகவே அக்கா, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் சமையல்காரருக்குப் போன் செய்தாள்.

"தங்கச்சி சொன்னதுக்கு மேல ஒரு நூறு சேர்த்துக்கங்க. அவகிட்ட சொல்லவேண்டாம்."

இப்போது அக்காவை நம்புகிறேன். மேலே போகலாம்.

5

மறுநாள் தையல்காரிக்குச் சமையல்காரரிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, உங்க குடும்பத்துல மொத்தம் எத்தனை எண்ணிக்கை இருக்கு?"

"ஏன், என்ன ஆச்சு?"

"நீங்க நூத்தியெண்பதுன்னீங்க. உங்க அக்கா பேசினாங்க, எரநூத்தியெண்பது. குழாய்த் தண்ணி சத்தத்துல சரியா காதுல விழல, திருப்பிக் கேட்டேன், அதேதான். இப்ப வாத்தியார் பேசினாரு."

"நானூறா?"

"நாப்பது."

தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுத்தாள். "நானூறுன்னு சொல்லியிருப்பாரு. உங்களுக்குத் தப்பாக் கேட்டிருக்கும்."

"நானும் அப்படித்தான்மா நினைச்சேன். 'நாலுக்குப் பக்கத்துல எத்தனை சைபர்'னு கேட்டேன். ஒண்ணுன்னாரு."

கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். வாத்தியார் வீட்டுக்கு எதிரே, பயிற்சி வண்டியில், தன் வழக்கமான பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கால் அதன்மேல் இருந்தது. வண்டி ஓடவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் யாருமில்லை. தையல்காரி அங்கே ஏறி உட்கார்ந்தாள்.

"மாமா, நாப்பதுன்னு சொன்னீங்களா?"

"அந்தச் சமையல்காரனுக்கு வாய் ஜாஸ்தி."

"நானூறுன்னு ஊர் பூராச் சொன்னது நீங்கதானே?"

வாத்தியார் கண்ணாடி வழியே எதிர்ச் சுவரைப் பார்த்தார். "சொன்னேன். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொருத்தரா யோசிச்சேன். ஒருத்தர் முகமும் சிரிச்ச மாதிரி ஞாபகம் வரல, சின்னவளே. எல்லாம் அழுத முகம். இல்லாட்டி வேர்த்த முகம்." பிரேக்கை ஒருதரம் அமுக்கிவிட்டுச் சொன்னார்: "நாப்பது பேருக்குச் செஞ்சு நாப்பது பேர் வந்தா, மண்டபம் நிறைஞ்ச மாதிரி. நானூறு பேருக்குச் செஞ்சு நூறு பேர் வந்தா, யாருமே வராத மாதிரி. மிச்சமான அண்டாவை உன் அக்கா பார்ப்பா. ஒண்ணும் சொல்லமாட்டா. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

(இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

தையல்காரி வண்டியைவிட்டு இறங்கினாள். "சரி மாமா, நாப்பதே இருக்கட்டும்" என்றாள். வீட்டுக்குள் போய் அக்காவிடம், "நீ சொன்ன எரநூத்தியெண்பதே இருக்கட்டும்" என்றாள். அக்கா திடுக்கிட்டு, "நான் எங்கடி சொன்னேன்?" என்று பாத்திரத்தை உருட்டினாள். தங்கை தெருவுக்கு வந்து சமையல்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

"எரநூறு. இனிமே எங்க வீட்டு நம்பர் எது வந்தாலும் எடுக்காதீங்க."

ஏன் இருநூறு? அவள் போட்டது நூற்றெண்பது. மீதி இருபது, எந்தத் துணியிலும் தையலுக்கு உள்ளே மடித்து விடுகிற அந்தக் கொஞ்சம். உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். இல்லையென்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

6

விருந்து நாள். மண்டபம் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. அண்டாக்கள் இறங்கின.

"நாப்பது பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய அண்டா?" என்று வாத்தியார் தையல்காரியின் காதில் கேட்டார்.

"பாத்திரம்தான் மாமா பெருசு. சோறு அடியிலதான் கிடக்கு."

அந்தப் பக்கம் அக்கா இழுத்தாள். "எரநூத்தியெண்பதுக்கு இவ்வளவுதானா?"

"அமுக்கி வெச்சிருக்காங்கக்கா."

மதியம் ஆயிற்று. வந்திருந்தவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் நாற்காலி கொண்டுவந்தவர்கள். வாத்தியார் தையல்காரி தைத்துக்கொடுத்த புதுச் சட்டையில் வாசலில் நின்றார். வருகிற காலடிச் சத்தத்துக்கெல்லாம் கையைக் குவித்தார். அப்படி ஒருமுறை கும்பிட்டது ஐஸ்க்ரீம் பெட்டி தூக்கிவந்தவரை. கோழி ஆறிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அக்கா தங்கையின் பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமாகச் சொல்கிற எதையும் அவள் சொல்லவில்லை.

"ஏதாவது சொல்லேன்க்கா."

"என்னத்தைச் சொல்ல? அவரு நிக்கறதைப் பாரு."

வாத்தியார் குவித்த கையைப் பிரிக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

(இந்த இடத்தில் கதையை முடிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இலக்கியமாக இருக்கும் என்றார். அவர் வீட்டு விருந்துக்கு நான் போவதில்லை.)

தையல்காரிக்கு அங்கே நிற்க முடியவில்லை. விறுவிறுவென்று சந்தைத் தாண்டி, நாலு ரோடு சேருகிற முக்குக்குப் போனாள். போய்ப் பார்த்தால், நாலு பக்கமும் கார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கார்கள். ஒன்றுகூட நகரவில்லை. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எல்லா வண்டியிலும் இண்டிகேட்டர் மட்டும் ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது.

முன்னால் நின்ற காரில் வங்கி மேனேஜர். கண்ணாடியை இறக்கி, எதிர்க் காருக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க முதல்ல போங்க!"

எதிர்க் காரில் இருந்தவர், "இல்லைங்க, நீங்க போங்க!"

இடப்பக்கத்துக் காரில் இருந்தவர், "ரெண்டு பேரும் போங்க, நான் நிக்கறேன்!"

வலப்பக்கத்துக் காரில் இருந்தவர் கைகாட்டுவதற்குக்கூட வேறு யாராவது முதலில் காட்டட்டும் என்று காத்திருந்தார்.

அத்தனை பேரும் வாத்தியாரிடம் படித்தவர்கள். முக்குக்கு வந்தால் நில், எதிரே இருப்பவனுக்கு வழிவிடு, முந்தினாயானால் காலை உடைப்பேன் என்று முப்பது வருஷம் கத்தியிருந்தார். மற்ற நாள்களில் ஊரில் இருக்கிற வேறு நாலு முரடர்கள் உள்ளே புகுந்து வழியை உடைத்துவிடுவார்கள். அன்றைக்கு அந்த முக்கில் இருந்தது முழுக்க அவருடைய மாணவர்கள். முந்துவதற்கு ஒரு ஆள் இல்லை.

தையல்காரி திரும்பி ஓடினாள். "மாமா! வந்துட்டாங்க! எல்லாரும் வந்துட்டாங்க, ஆனா வரமாட்டேங்கறாங்க!"

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. வந்து பார்த்தார். மங்கிய கண்ணை ஒரு கையால் மூடி, நல்ல கண்ணால் நாலு பக்கமும் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"ஏய், பச்சை வண்டி! என்ன முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறே, பொண்ணு பார்க்கவா வந்திருக்கே? பிரேக்கை விடு! விடுன்னா விடு! மேனேஜரம்மா, உனக்குத் தனியாச் சொல்லணுமா? எருமைகூட இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்!"

மேனேஜரின் முகத்தைத் தையல்காரி அப்போது பார்த்தாள். திட்டு வாங்கிய முகமா அது! யாரோ ரொம்ப நாளாகக் கூப்பிடாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் மலர்ந்து கிடந்தது. "இதோ சார், விட்டுட்டேன் சார்!" என்று கிளப்பினாள். கியரில் சத்தம் வந்தது. "அந்தக் கியர் என்ன பாவம் பண்ணுச்சு!" என்று வாத்தியார் கத்தினார். பின்னால் இருந்த கார்களில் கண்ணாடிகள் வரிசையாக இறங்கின. ஒவ்வொருவரும் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ஒரு பெரியவர் வண்டியை வேண்டுமென்றே கோணலாகத் திருப்பினார் என்று தையல்காரி கடைசிவரை சத்தியம் செய்வாள். அவருக்கும் ஒன்று கிடைத்தது.

அக்கா சந்து முனையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "கத்தறதைப் பாரு, தொண்டை கிழியப்போகுது" என்றாள். குரலில் பழைய சுருதி திரும்பியிருந்தது.

7

இனிமேல் கணக்குக்கு வருவோம். எல்லோரும் வந்தார்கள். தனியாகவா வந்தார்கள்? காருக்கு நாலு பேர், அஞ்சு பேர், மடியில் ஒன்று. தையல்காரி வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். இருநூறு வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடியபிறகும் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் ஜூஸ் சரிந்தது. மூன்றாம் தடவை தண்ணீர் சேர்த்தபிறகு அது எலுமிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்ட தண்ணீராக இருந்தது. ரொட்டியைப் பாதியாக வெட்டினார்கள். பிறகு பாதியைப் பாதியாக. கோழியில் குழந்தைகளுக்குக் கால், பெரியவர்களுக்கு ஆறுதல். சோற்றுக் கரண்டியைச் சமையல்காரர் கையிலிருந்து தையல்காரியே வாங்கிக்கொண்டாள். ஆளைப் பார்த்தாள், அளவு போட்டாள். யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் திட்டைச் சொல்லிச் சிரிப்பதில் இருந்தார்கள்.

சரி, போதுமானதாக இருந்ததா?

ஒரு முடிவு: கடைசிச் சோறு கடைசி ஆளுக்குச் சரியாக அமைந்தது. (இப்படி எந்த விருந்திலும் நடந்ததில்லை. எழுதினால் என்னை எந்தச் சமையல்காரரும் மதிக்கமாட்டார்.)

இன்னொரு முடிவு: பற்றாமல் போனது, அக்கா தங்கையைப் பார்த்து, "அன்னிக்கே நான்

(வேண்டாம். இதை எழுதினால் அக்காவும் தங்கையும் இரண்டு வருஷம் பேசமாட்டார்கள். சமாதானம் செய்துவைக்க எனக்கு இன்னொரு கதை செலவாகும்.)

வேறு வழியில்லை, நீங்கள்தான் வரவேண்டும். நீங்களும் வாத்தியாரிடம் படித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்த இடம் தேடி அலைந்ததில் தாமதமாகிவிட்டது. வரிசையில் உங்களுக்கு முன்னால் இப்போது யாருமில்லை. அண்டாவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார் சமையல்காரர். அடியில் கொஞ்சம் சோறு தெரிகிறது. எவ்வளவு என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பின்னால் ஒரே ஒருவர் நிற்கிறார். இவ்வளவு நேரம் ரோட்டில் நின்று கார்களை ஒழுங்குபடுத்திவிட்டு, இப்போதுதான் தட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. குரல் முழுக்கப் போய்விட்டது, அதனால் நீங்கள் என்ன செய்தாலும் திட்டமாட்டார். முதுகில் ஒரு விரலால் தட்டி, நீ முதல்ல போ என்று கையால் சைகை காட்டுகிறார்.

உங்களுக்கும் பசிதான். எனக்குத் தெரியும்.

தையல்காரி உங்களைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்க்கிறாள். உங்கள் அளவு அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரியாதைக்குக் கேட்கிறாள்:

"எத்தனை கரண்டி போடட்டும்?"